புதிய அரசு மருத்துவக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் எங்கே வைப்பது?

நாமக்கல் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு, அதாவது 2025இல், நீட் தேர்வு எழுதினாள். மாநிலத் தரவரிசையில் அவள் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்றே தெரிகிறது. ஆனால் சென்னை, மதுரை, கோவைக் கல்லூரிகள் எட்டாது. எங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தமிழ்நாட்டில் 2022இல் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் எங்களுக்கு அருகில் இருக்கும் ஒன்று. இரண்டாவது, 2000ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் தூத்துக்குடி போன்ற, தொலைவில் இருந்தாலும் வேரூன்றிவிட்ட அரசுக் கல்லூரி. மூன்றாவது, பெயர் பெற்ற சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்.

என் தம்பி, புதுக் கல்லூரியில் சேர்வது பூச்சு முடியாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுவது போன்றது என்கிறார். மகளோ அருகில் இருப்பதே போதும் என்கிறாள். நான் ஒரு பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் மருத்துவம் படித்ததில்லை. கலந்தாய்வுக்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு, அதாவது இறுதி செய்வதற்கு, இன்னும் சில நாள்களே இருப்பதால், அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உடற்கூறியல் வாத்தியார்

ஐயா, உங்கள் தம்பி சொல்வது கட்டடத்தைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி என்பது கட்டடம் அன்று. அதன் பின்னால் நிற்கும் மருத்துவமனையே கல்லூரி. இந்தப் பதினொன்றும் வெறும் மனையில் முளைத்தவை அல்ல. ஏற்கெனவே இயங்கும் மாவட்ட மருத்துவமனைகளோடு இணைத்துப் புதிய கல்லூரிகளைத் தொடங்கும் மத்திய அரசுத் திட்டத்தின்கீழ், மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு அமைத்தவை. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 2,145 கோடி. 2022 ஜனவரி 12 அன்று அவை தொடங்கிவைக்கப்பட்டபோது 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரே நாளில் கூடின. திருவள்ளூர், நாமக்கல், திருப்பூர், இராமநாதபுரம் ஆகிய நான்கில் தலா 100 இடங்கள். விருதுநகர், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, அரியலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், நீலகிரி ஆகிய ஏழில் தலா 150.

ஆகவே கல்லூரிக்கு வயது மூன்றரை என்றாலும், அங்கே வந்து படுக்கும் நோயாளிகள் பல தலைமுறைகளாக அந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கே வந்துகொண்டிருப்பவர்கள். பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவர்களும் சாலை விபத்தும் சிக்கலான பிரசவமும் கல்லூரி திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கவில்லை.

இனி, நான் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்பதால், சாதகமல்லாத பக்கத்தையும் சொல்ல வேண்டும். புதிய கல்லூரிகளில் குறைவது நோயாளி அன்று, ஆசிரியர். மூத்த பேராசிரியர்கள் சென்னை, மதுரை போன்ற ஊர்களை விட்டு நகர விரும்புவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, சொந்த வீடு, மாலை நேரத் தனி மருத்துவம் என்று காரணங்கள் பல. மாறுதல் கலந்தாய்வில் சிறு மாவட்டங்களின் பணியிடங்கள் கடைசியில்தான் நிரம்புகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதலாண்டுப் பாடங்கள். இத்துறைகளில் முதுநிலை படிக்க முன்வருவோரே குறைவு என்பதால், பற்றாக்குறை மாணவர்களைத் தாக்குவதும் முதலாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஓர் ஆசிரியர் காட்டக் கற்பதற்கும், முப்பது பேர் எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் ஈடுசெய்யாது.

வெளிப்படையாகப் பேசுபவன்

மதிப்பிற்குரிய ஐயா மென்மையாகச் சொன்னதை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஆய்வு வருகிறது என்றால் வேறு கல்லூரிகளிலிருந்து மாற்றுப்பணியில் ஆசிரியர்களை அனுப்பிக் கணக்குக் காட்டும் வழக்கம் நம் மாநிலத்தில் யாருக்கும் தெரியாத இரகசியம் அன்று. இந்த ஆண்டுகூட ஆசிரியர் பற்றாக்குறை, வருகைப்பதிவு ஆகியவற்றுக்காகத் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு, மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. எண்ணிக்கையைக் கூட்டிப் பெயர் வாங்குவது அரசியல். கூட்டிய பிறகு ஆசிரியரை அமர்த்துவதுதான் நிருவாகம். அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனால் உங்கள் மகளின் கதி என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உடற்கூறியல் வாத்தியார்

பற்றாக்குறையைப் பற்றி நீங்கள் கூறுவதை மறுக்க மாட்டேன். ஆனால் கடைசி வரி ஒரு பெற்றோரைத் தேவையின்றி அச்சுறுத்துவது. அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு. புதிய கல்லூரிக்கு முதலில் கிடைப்பது மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அனுமதி. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். முதல் மாணவர் அணி (பேட்ச்) இறுதித் தேர்வு எழுதும் காலத்தில் ஆய்வு நடந்து, பட்டத்துக்கான அங்கீகாரம் வழங்கப்படும். பழைய கல்லூரிகள் பலவும் ஒரு காலத்தில் கடந்துவந்த படிதான் இது.

அறிவிக்கை வருவது புதிய கல்லூரிகளுக்கு மட்டும் நேர்வதும் அன்று. 2023இல் சென்னை ஸ்டான்லி, தருமபுரி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் ஆகிய மூன்று அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரமே நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்து மாநிலம் முழுவதும் பதறியது. காரணம் கண்காணிப்புக் கேமராக்களும் ஆதாரோடு இணைந்த விரல்ரேகை வருகைப்பதிவும் சரிவர இயங்கவில்லை என்பது. குறைகள் சரிசெய்யப்பட்டதும் அந்த நடவடிக்கை விலக்கப்பட்டது. ஸ்டான்லிக்கே அந்த நிலை வந்தது என்றால், இதில் புதியது பழையது என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை.

முதல் பேட்ச் மாணவன்

ஐயா, வணக்கம். நான் அந்தப் பதினொரு கல்லூரிகளுள் ஒன்றில் 2022 பிப்ரவரியில் சேர்ந்த முதல் அணியைச் சேர்ந்தவன். இப்போது இறுதியாண்டில் இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லாமல் இருப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சேர்ந்தபோது விடுதி முடிந்திருக்கவில்லை. முதல் சில மாதங்கள் வேறொரு கட்டடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். தண்ணீர் வராத காலைகளில் குளிக்காமலே வகுப்புக்குப் போன நாள்கள் உண்டு. ஆனால் அவை ஓராண்டுக்குள் சரியாகிவிட்டன என்பதால் இன்று சேர்பவர்களுக்கு அது பழங்கதைதான். எங்களுக்கு உண்மையில் இல்லாமல் போனது சீனியர்கள். எந்த ஆசிரியர் வாய்மொழித் தேர்வில் எதைக் கேட்பார், எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தை எந்த அளவுக்குப் படித்தால் போதும் என்பதையெல்லாம் சொல்ல ஆளில்லை. பழைய கல்லூரிகளில் உடற்கூறியல் படிக்க உதவும் எலும்புப் பெட்டியும் புத்தகமும் குறிப்பேடும் ஓர் அணியிடமிருந்து அடுத்த அணிக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினோம். அதே காரணத்தால் ராகிங் என்ற சொல்லை நாங்கள் செய்தித்தாளில் மட்டுமே படித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனைப் பயிற்சி வந்தபோது நிலைமை மாறியது. எங்கள் கல்லூரியில் முதுநிலை மாணவர்கள் இல்லை. பெரிய கல்லூரிகளில் படிக்கும் என் நண்பர்கள், நோயாளியின் கட்டிலைச் சுற்றி முதலில் பேராசிரியர், பிறகு உதவிப் பேராசிரியர்கள், பிறகு முதுநிலை மாணவர்கள், பிறகு சி.ஆர்.ஆர்.ஐ. பயிற்சி மருத்துவர்கள் என்று நான்கு வளையம் கடந்துதான் தாங்கள் நிற்பதாகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வளையங்கள் கிடையா. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் திரும்பிப் பார்த்தால் நாங்கள்தான் இருப்போம். கேள்வியும் எங்களிடம்தான் வரும். மூன்றாமாண்டிலேயே பிரசவ வார்டில் இரவு முழுவதும் நின்றிருக்கிறேன். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு: இரவு இரண்டு மணிக்கு ஓர் ஐயம் வந்தால் தீர்த்துவைக்கும் முதுநிலை மாணவரும் இல்லை. பணியில் இருக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பாரா, எனக்குப் பாடம் நடத்துவாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அணியிலிருந்து நாடு முழுவதும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிப்புக் காலம் முழுவதும் அவர்களின் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும். என் பொறுப்பில் இருக்கும் ஒரு வீட்டுப் பாட்டி, சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டால் எங்கள் ஓ.பி.க்கே வந்து என்னைத் தேடுகிறார். மருத்துவமனையும் கிராமமும் ஒரே பேருந்துத் தடத்தில் இருப்பதால் நடக்கிற காரியம் இது.

செவிலியின் மகன்

முதல் அணித் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது, இந்தப் பதினொன்றுள் ஒன்றான கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். அங்கே சமாளிக்க இயலாதவர்கள் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்தைக் கல்லூரிக்கான நற்சான்றாக நான் காட்டவில்லை. மாவட்டத்தில் எது நடந்தாலும் முதல் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வாசல் எது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஐயா, என் தாயார் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் உங்கள் கேள்வியைக் காட்டினேன். அவர் சொன்னது இது: ஒரு திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போய் நில்லுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். சீமாங் மையம், அதாவது பிரசவமும் பச்சிளங்குழந்தைகளும் பார்க்கும் பிரிவு, கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறதா, பழைய ஊர் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டதா என்று கேளுங்கள். இரத்த வங்கி இரவில் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். இவற்றுக்குக் கிடைக்கும் பதில்கள் இணையத்தில் எந்தத் தரப்பட்டியலிலும் இல்லை என்றார்.

உடற்கூறியல் வாத்தியார்

அந்த அம்மையாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். இரண்டாவது கேள்விதான் முதன்மையானது. இந்தக் கல்லூரிகளில் பலவற்றுக்கு ஊருக்கு வெளியேதான் நிலம் கிடைத்தது: கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளி, கள்ளக்குறிச்சிக்குச் சிறுவங்கூர், நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூர். மருத்துவமனை ஊருக்குள்ளும் கல்லூரி ஊருக்கு வெளியிலுமாக இருந்தால் மாணவர் பேருந்தில் கழிக்கும் நேரம் கூடும். மருத்துவமனையையும் வெளியே கொண்டுபோனால் நடக்க முடியாத நோயாளி வருவது குறையும். நாகப்பட்டினத்தில் மருத்துவமனையை ஒரத்தூருக்கு மாற்றியபோது ஊர் மக்கள் எதிர்த்ததற்கும் அதுவே காரணம். மாணவருக்கு எது வசதியோ அது நோயாளிக்கு வசதியாக இருப்பதில்லை. நோயாளி வராவிட்டால் மாணவருக்கும் பயனில்லை. காலப்போக்கில் நிலைமை சீரடைவதும் உண்டு. உதகையில் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இந்த ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. 2022இல் அங்கே சேர்ந்தவர்களுக்கும் இந்த ஆண்டு சேர்பவர்களுக்கும் கிடைப்பது ஒரே கல்லூரி அன்று.

படுக்கை எண்ணிக்கைக்கு விதி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 100 இடங்களுக்கு 420 படுக்கைகளும், 150 இடங்களுக்கு 605 படுக்கைகளும் வேண்டும். படுக்கைகளை எண்ணுவது ஆய்வாளரின் வேலை. அவற்றில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது பெற்றோரின் வேலை.

அரசுப் பள்ளி மாணவி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருக்கிறேன். எங்களுக்குக் கட்டணத்தை அரசே செலுத்துவதால், சுயநிதிக் கல்லூரியையும் புதிய அரசுக் கல்லூரிக்கு மேலே வைக்கலாமா?

செவிலியின் மகன்

தங்கையே, உங்களுக்குப் பணம் ஒரு காரணமாக இருக்கத் தேவையில்லை என்பது 2020இல் அந்தச் சட்டம் வந்ததன் பெரும் நன்மை. ஆகவே மருத்துவமனையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். சில சுயநிதிக் கல்லூரிகளின் வார்டுகளில் நோயாளிகள் நிரம்பி வழிகிறார்கள்; சிலவற்றில் படுக்கை விரிப்பு கசங்காமல் கிடக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றாம் சுற்றுத் தாய்

ஐயா, பட்டியல் போடும் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகனுக்கு நாங்கள் செய்த தவறு உங்களுக்கு நேரக் கூடாது. கிடைக்காது என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டு, விரும்பிய கல்லூரிகளை விட்டுவிட்டு, கிடைக்கும் என்று தோன்றியவற்றை மட்டும் மேலே வைத்தோம். மேலே எத்தனை எட்டாத கல்லூரிகளை வைத்தாலும் கீழே இருப்பதை நாம் இழப்பதில்லை. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக உள்ள இடத்தையே ஒதுக்குகிறார்கள். எங்கள் தரவரிசைக்குப் பின்னால் இருந்த ஒருவருக்கு நாங்கள் விட்டுவிட்ட கல்லூரி கிடைத்ததை அறிந்து என் மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கடந்த ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற அட்டவணைகளையும் நம்பாதீர்கள். 2024இல் மதிப்பெண்கள் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. இந்த ஆண்டு இயற்பியல் வினாத்தாள் பிள்ளைகளை அழவைத்ததால் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 720க்கு 686. மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவின் தரவரிசையைச் சென்ற ஆண்டின் அதே பிரிவுத் தரவரிசையோடு ஒப்பிடுங்கள். அடுத்த சுற்றில் மேலேற்றம் கேட்டு வேறு கல்லூரி கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் தானாகவே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே உண்மையிலேயே போக விரும்பும் கல்லூரியை மட்டும் மேலே வையுங்கள்.

வெளிப்படையாகப் பேசுபவன்

சுயநிதிக் கல்லூரியைப் பற்றி ஒரு கணக்கு. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கு மேல். விடுதியும் உணவும் தனி. பள்ளி எழுத்தர் ஒருவர் இதற்காகக் கடன் வாங்க வேண்டுமா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் குறைகளையெல்லாம் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: அந்த மூன்றாவது வழியை விட்டுவிடுங்கள்.

உடற்கூறியல் வாத்தியார்

வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க நினைப்போர் சிலர், புதிய கல்லூரியின் பட்டம் அங்கே செல்லுமா என்று எனக்குத் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் ஏற்பு பத்தாண்டுகளுக்குக் கிடைத்தது. ஆணையத்தின்கீழ் வரும் பழைய கல்லூரிகளோடு, இக்காலத்தில் தொடங்கப்படும் கல்லூரிகளும் அதில் அடங்கும். பட்டத்தை வழங்குவதும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான், தேர்வுத்தாளும் எல்லோருக்கும் ஒன்றே.

புதிய நிறுவனம் என்றால் எதையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் முதல் அணியின் ஐம்பது பேருக்கு வகுப்புத் தொடங்கியது, தோப்பூரில் அன்று, அதே ஆண்டு திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். எய்ம்ஸ் என்ற பெயருக்காக நாடெங்கிலுமிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது நாம் இங்கே ஐயத்தோடு பேசிக்கொண்டிருக்கும் கல்லூரிகளுள் ஒன்று.

நாமக்கல் தகப்பன்

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி, நேற்றுத் திங்கள்கிழமை காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் பட்டியலில் வைக்க நினைத்த புதிய கல்லூரியின் மருத்துவமனைக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வரிசை கட்டடத்தைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. சீமாங் மையம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. இரத்த வங்கியைப் பற்றிக் கேட்டபோது, இரவில் ஆள் உண்டு என்று ஒருவரும், அழைத்தால் வருவார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். எது உண்மை என்று நான் மேலும் துருவவில்லை. கல்லூரிப் பக்கம் போனபோது, மூன்றாமாண்டு மாணவி ஒருவர் நின்று பேசினார். ஒரு துறையில் பேராசிரியர் இடம் ஓராண்டாகக் காலி என்று மறைக்காமல் சொன்னார். பிறகு, அன்று காலை தாமே ஒரு நோயாளிக்கு மூத்திரக் குழாய் பொருத்தியதையும் சொன்னார். என் மகள் அதற்குப் பிறகு அவரிடம் கேட்ட கேள்விகள் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டோம். மூன்றாம் சுற்றுத் தாய் சொன்னபடி, எட்டாதவை என்று நான் ஒதுக்கியிருந்த மதுரையையும் கோவையையும் முதலில் வைத்தோம். அடுத்து வேரூன்றிய அரசுக் கல்லூரிகள். அதில் தூத்துக்குடியைப் புதிய கல்லூரிக்கு மேலே வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். முந்நூறு கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல, ஆசிரியர்தான் பெரிது என்று வாத்தியார் ஐயாவின் முதல் பதிவைப் படித்தபோதே தீர்மானித்திருந்தேன். மகள் ஒப்பவில்லை. புதியதை மேலே நகர்த்திவிட்டு, அங்கே இரவில் கட்டில் அருகே தானே நிற்கலாம் என்றாள். சுயநிதி எதுவும் பட்டியலில் இல்லை. நேற்று இரவு பதினொரு மணிக்குப் பூட்டிவிட்டோம்.

முதல் பேட்ச் மாணவன்

ஐயா, எங்கள் கல்லூரியே கிடைத்தால் எலும்புப் பெட்டி வாங்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். என்னுடையதைத் துடைத்து வைத்திருக்கிறேன்.